நடுவழியில் நிற்கும் செவலை

குதிரை பழக்குகிறவன் எதற்கும் திடுக்கிடக் கூடாது என்று சொல்வார்கள். அப்படிச் சொன்ன யாரும் குதிரை வைத்திருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நான் வைத்திருந்தேன். ஜோகூர் பாருவில், தெப்ராவ் சாலை ஊரைவிட்டு வெளியேறும் இடத்தில், அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு லாயம் எனக்கு இருந்தது. சிங்கப்பூருக்குப் பாலம் வராத காலம் அது. பெரிய துரைமார்களிடம் மோட்டார் வண்டி வந்துவிட்டது. ஆனால் ஒரு மழை பெய்தால் போதும், தோட்டத்துச் செம்மண் பாதையில் மோட்டார் புதைந்துகொள்ளும். அதை இழுக்க மாடு வரவேண்டும். அதனால் தோட்டங்களில் குதிரைக்கு மதிப்பு இருந்தது. பந்தயத்துக்கு ஆகாது என்று சிங்கப்பூரில் கழித்துவிடும் ஆஸ்திரேலியக் குதிரைகளை வாங்கிவந்து, வண்டி இழுக்கப் பழக்கி, தோட்டத்துக்காரர்களுக்கு விற்பது என் தொழில். எனக்குத் துணை சாலே என்ற போயான்காரர்; குதிரை பார்ப்பதற்கே பேர்போன தீவுக்காரர்கள் அவர்கள். அவர் என்னைத் 'தவ்கே', முதலாளி, என்று கூப்பிட்டு மலாயில் பேசுவார், நான் தமிழில் பதில் சொல்வேன், குதிரை எங்கள் இருவரையும் பொறுத்துக்கொள்ளும்.

குதிரை வைத்திருந்து பட்டறிந்த அன்பர்களே, நான் சொல்லப்போவதைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். எழுந்துபோய் உங்கள் லாயத்துக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவீர்கள். இதெல்லாம் ஒரே குதிரையின் கதை. செந்நிறம்; நெற்றியில் பாக்கு அளவு வெள்ளை. செவலை என்றே கூப்பிட்டோம்.

கரை இறங்கியது

செவலையைச் சிங்கப்பூரிலிருந்து தொங்கானில் ஏற்றிவந்தோம். தொங்கான் என்பது சரக்கு ஏற்றும் அகலமான மரப்படகு. குதிரையை அதில் ஏற்றும்போது தலையைக் கடலுக்குக் காட்டாமல் பின்பக்கமாகத் திருப்பிக் கட்டவேண்டும். கண்ணில் தண்ணீர் பட்டால் மிரளும். அப்படித்தான் கட்டினோம். ஜோகூர்க் கரை தெரிந்தது. வெற்றிலை போட்டுக்கொள்ளலாம் என்று நான் மடியைத் தடவினேன். அந்த நேரம் பார்த்து ஒரு நீராவிப் படகு ஊதியது. செவலை ஒரு முறை சிலிர்த்தது. அடுத்த கணம் தொங்கானில் அறுந்த கயிறு இருந்தது, சாலே இருந்தார், நான் இருந்தேன், குதிரை இல்லை.

தண்ணீரில் ஒரு தலையும் இரண்டு காதும் மட்டும் தெரிந்தன. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும், முதலை பிடிக்கும், படகுச் சக்கரம் அடிக்கும் என்று நான் ஒவ்வொன்றாக நினைத்து முடிப்பதற்குள் அந்தத் தலை கரையை நெருங்கிவிட்டது. நாங்கள் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது செவலை மேடேறி நின்று, ஒரு சீனக் கிழவரின் கூடையிலிருந்து காங்கோங் கீரையைச் சாவதானமாகத் தின்றுகொண்டிருந்தது. துறைக் காவலுக்கு நின்ற மலாய்க்காரர் அதை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நனையாமல் வந்திறங்கிய என்னைப் பார்த்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"என்சே, இந்த மீன் உங்களுடையதா?"

ஒரே ஒரு சொல்

குதிரையை வண்டிக்குப் பழக்க அவசரமே கூடாது. முதலில் நீளக் கயிற்றில் வட்டமாக நடக்கவிட வேண்டும். பிறகு ஒரு கட்டையைக் கட்டி இழுக்கவிட வேண்டும். பின்னால் ஏதோ வருகிறது என்ற பயம் அதில் தெளியும். அப்புறம் வெற்று வண்டி, அப்புறம் மூட்டை ஏற்றிய வண்டி, கடைசியாகத்தான் மனிதன். ஒவ்வொரு நாளும் முடிவில் ஒரு துண்டு வெல்லம். செவலை இவ்வளவையும் பள்ளிக்கூடப் பிள்ளைபோலச் செய்தது. எனக்குக் கர்வம் வந்துவிட்டது. வண்டி வேண்டாம், இன்று முதுகில் ஏறித் தெப்ராவ் சாலையில் ஒரு நடை போய்வரலாம் என்று கிளம்பினேன்.

சாலை நேராகக் கிடந்ததைப் பார்த்ததும் செவலைக்குப் பந்தய ஞாபகம் வந்துவிட்டது. கடிவாள வாரை நான் இழுத்ததை அது உற்சாகம் என்று எடுத்துக்கொண்டது. நான் மாதாவைக் கூப்பிட்டேன், அந்தோணியாரைக் கூப்பிட்டேன், சாலேயைக் கூப்பிட்டேன். யாருக்கும் அது நிற்கவில்லை. அப்போதுதான் இதை விற்ற வெள்ளைக்காரர், வாரை இழுக்கவே வேண்டாம், 'வோ' என்றால் நின்றுவிடும் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. சொன்னேன். சத்தமாகக்கூட இல்லை, மூச்சு வாங்கும் சத்தத்தோடு சத்தமாக வந்தது. செவலை நட்ட தூண்போல நின்றது. நான் நிற்கவில்லை. கழுத்தைத் தாண்டிக் காதுகளுக்கு நடுவே போய்ச் சாலையோரச் சாக்கடையில் இறங்கினேன். சாலே ஓடிவந்து என்னைத் தூக்கவில்லை. குதிரையின் கால்களைத் தடவிப் பார்த்தார். பிறகு நிம்மதியாக என்னிடம் சொன்னார்:

"தவ்கே, நல்ல குதிரை. சொன்ன பேச்சைக் கேட்கிறது."

நாக்கை நீட்டு

ஸ்கூடாயைத் தாண்டிச் செனாய் போகும் பாதையில் உள்ளடங்கிய ஒரு ரப்பர் தோட்டத்தில், கந்தையா என்பவர் டிரெஸ்ஸராக இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து ஆஸ்பத்திரி முழுவதும் அவர் பொறுப்பு. டாக்டர் எப்போதாவதுதான் வருவார். லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், தூரத் தூரமாக இருந்ததால் வண்டிக்கு ஒரு குதிரை வாங்கிக்கொள்ளத் துரை உத்தரவு கொடுத்திருந்தார். அவரும் அவர் மனைவி பாக்கியம் அம்மாவும் என் லாயத்துக்கு வந்தார்கள்.

குதிரை வாங்க வருகிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், குளம்பைப் பார்ப்பார்கள். டிரெஸ்ஸர் தன் கைப்பெட்டியைத் திறந்தார். கண் இமையை விலக்கிப் பார்த்தார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். நாக்கை வெளியே இழுத்து அதன் நிறத்தைப் பார்த்தார். உடம்பைத் தட்டி, முன்பு காய்ச்சல் வந்ததுண்டா, இரவில் இருமுமா என்று என்னைக் கேட்டார். செவலை என்னைவிடப் பொறுமையாக நின்றது. நான் 'வோ' என்று சொல்லி அதை நிறுத்திக் காட்டினேன். அதில்தான் அவருக்குப் பரம திருப்தி. பாக்கியம் அம்மா குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்:

"இஞ்சருங்கோ, மருந்து எழுதிக் குடுத்துப்போட்டுப் போவமோ, அல்லது குதிரையைக் கொண்டு போவமோ?"

கள்ளுக்கடை வாசல்

மாதம் ஒன்று ஆகியிருக்காது. டிரெஸ்ஸர் செவலையோடு என் லாயத்துக்கு வந்து இறங்கினார். முகம் கறுத்திருந்தது. தனியாக ஓட்டினால் நன்றாகப் போகிறது, யாராவது கூட வந்தால் நடுவழியில் நின்றுவிடுகிறது என்றார். மேட்டில் நிற்கிறது, பள்ளத்தில் நிற்கிறது, பலகைப் பாலத்தின் நடுவில் நிற்கிறது. வாரைக் குலுக்கினால் கிளம்பும். நாலடி போய் மறுபடி நிற்கும். இதையெல்லாம்கூட அவர் பொறுத்திருப்பார். ஆனால் கிறிஸ்து வேதக்காரர், வாழ்நாளில் கள்ளைத் தொடாதவர், மனைவியோடு கோயிலுக்குப் போகும் வழியில் அவருடைய வண்டி தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு நேராக நின்றுவிட்டது.

கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்திருக்கிறார்கள். ஐயா சுகமா என்று ஒருவர், குதிரை நின்றுவிட்டதா என்று ஒருவர், வெயிலாக இருக்கிறதே என்று ஒருவர், இப்படி ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள். இவர் மரியாதை தெரிந்தவர். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறார். குதிரை அசையவே இல்லை. அந்தக் காட்சியை நினைக்கையில் எனக்கே உடம்பு கூசியது. டிரெஸ்ஸர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்:

"அரை மணித்தியாலம் அந்த வாசல்லை நிண்டனான் காணும். கடைசியிலை ஒருத்தன், ஐயா வெக்கப்படாதீங்க, நான் வாங்கித் தாறன் எண்டு சொல்லிப்போட்டான்."

மூட்டைகளுக்கு நின்றதில்லை

செவலையை ஒரு வாரம் நான் வைத்திருந்தேன். கூட ஆள் ஏறினால் நிற்கிறது என்றால் பாரம்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். அரிசி மூட்டை ஏற்றினேன், போயிற்று. இன்னொரு மூட்டை, அதற்கும் போயிற்று. சாலேயை ஏற்றினேன், சாலேயின் மைத்துனரை ஏற்றினேன். தெப்ராவ் வரை போய்வந்தோம். எங்கும் நிற்கவில்லை. குளம்பில் முள் இல்லை, லாடம் சரியாக இருந்தது, சேணம் உரசிய புண் எதுவும் இல்லை. குறையே இல்லாத குதிரையைப்போலக் குதிரைக்காரனை நடுங்கவைப்பது வேறெதுவும் கிடையாது.

திரும்பக் கொண்டுபோய்த் தோட்டத்தில் விட்டேன். டிரெஸ்ஸரை ஓட்டச் சொல்லி நானே பக்கத்தில் உட்கார்ந்தேன். என்மேல் இருந்த கோபத்தில் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கேட்டதற்கெல்லாம் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். செவலை பாலத்தைக் கடந்தது, மேட்டில் ஏறியது, கள்ளுக்கடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய டிரெஸ்ஸர் குதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்:

"ஏன் காணும், இதுக்கு நீர் முந்தியே சொல்லி வைச்சனீரோ?"

கடைசி லயம்

இதற்குப் பிறகு நடந்ததைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. தோட்டத்தின் கடைசி லயத்தில் வீராயி என்ற, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் அம்மாளின் மகளுக்குப் பிரசவ வேதனை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். கங்காணி ஓடிவந்து டிரெஸ்ஸரை அழைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். நல்ல மழை. கங்காணிக்குப் பதற்றம்; போய்விடலாங்களா ஐயா, காப்பாத்திடலாங்களா ஐயா என்று வழியெல்லாம் கேட்டிருக்கிறார். டிரெஸ்ஸரும் அவருக்கு ஆறுதலாகப் பதில் சொல்லியிருக்கிறார். செவலை நின்று, கிளம்பி, நின்று, கிளம்பி, கடைசியில் பலகைப் பாலத்தின் நடுவில், கீழே வெள்ளம் ஓட, நின்றேவிட்டது. டிரெஸ்ஸர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மிச்ச வழியைச் சேற்றில் ஓடிக் கடந்தார். பிள்ளை பிறந்திருந்தது. தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் அந்தப் பெண் இல்லை. இரண்டு உயிரும் பிழைத்தன.

மறுநாள் செய்தி துரைக்குப் போயிற்று. துரை கெட்டவர் இல்லை, சுருக்கமாகப் பேசுகிறவர். சாகக் கிடக்கிறவளிடம் டிரெஸ்ஸரைக் கொண்டுபோய்ச் சேர்க்காத குதிரையை இனி யார் தலையிலும் கட்டக் கூடாது என்றார். வெள்ளிக்கிழமை காலை, டிரெஸ்ஸர் ஓட்ட, அவரே அந்த வண்டியில் ஏறிக் கடைசி லயம் வரை போவார். வழியில் ஒரு தடவை நின்றாலும் அங்கேயே சுட்டுவிடுவார். இதைக் கேட்டதும் லாயத்தைச் சாலேயிடம் விட்டேன். தோட்டத்துக்கு ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் வீராயி பேத்திக்கு மருந்து வாங்க நின்றாள். குதிரைமேல் குற்றமில்லை அம்மா, அது ஏன் நிற்கிறது என்றுதான் தெரியவில்லை என்று நான் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்:

"குதிரை நின்னா நிக்கட்டும் சாமி. ஐயாவுக்குக் காலு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு, முதல்லயே எறங்கி ஓடியாரக் கூடாதா?"

சண்டை பிடித்த ஞாயிறு

வியாழக்கிழமை காலை. செவலை டிரெஸ்ஸர் வீட்டு முற்றத்தில் புல் தின்றுகொண்டிருந்தது. மறுநாள் இதே நேரத்தில் அது இருக்குமோ இல்லையோ. கண்ணுக்கு மறைப்புக் கட்டிப் பார்த்தோம். வண்டியை மாற்றிப் பார்த்தோம். டிரெஸ்ஸர் அதற்கு வயிற்றுக் கோளாறாக இருக்கும் என்று ஒரு மருந்துகூடக் கலக்கிவிட்டார்; நல்ல வேளை, அது குடிக்கவில்லை. நான் படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டேன். பாக்கியம் அம்மா கோப்பி கொண்டுவந்து வைத்தார். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வரும்போது அது ஓரிடத்திலும் நிற்கவில்லையே என்றார். அன்று என்ன விசேஷம் என்று கேட்டேன். அவர் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விசேஷம் ஒன்றுமில்லை, அன்று நாங்கள் இருவரும் சண்டை, போகவர ஒரு வார்த்தை பேசவில்லை என்றார்.

எழுந்து வண்டியைப் பூட்டினேன். இருவரையும் முன்னால் ஏற்றி, நான் பின்னால் உட்கார்ந்தேன். வழக்கமாக என்ன பேசிக்கொள்வீர்களோ அதையே பேசுங்கள் என்றேன். சற்று நேரம் இருவரும் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்தார்கள். செவலை துள்ளி நடந்தது. பிறகு பாக்கியம் அம்மா, கடைக்குச் சீனி சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். டிரெஸ்ஸர், "ஓம்" என்றார். செவலை நின்றது. வாரைக் குலுக்கினார், கிளம்பியது. கூரை ஒழுகுகிறதே, ஆளுக்குச் சொன்னீர்களா? "ஓம்." நின்றது. 'வோ' என்று எழுதுகிறோமே தவிர, அந்த வெள்ளைக்காரர் வாயில் அது 'ஓ' என்றுதான் வரும். நானும் சாலேயும் அதை அப்படித்தான் சொல்வோம். எங்கள் பக்கத்தில் 'ஆமா' என்பதற்கு யாழ்ப்பாணத்தார் 'ஓம்' என்பார்கள் என்பது இருபது வருஷமாக எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க மட்டும் எனக்குத் தெரியவில்லை, செவலைக்குத் தெரிந்திருந்தது. நடுவழியில் அது அடம்பிடித்து நிற்கவே இல்லை. நிற்கச் சொன்னார்கள், நின்றது.

நான் கீழே குதித்து இதை விளக்கினேன். டிரெஸ்ஸர் நம்பவில்லை. தான் குதிரையிடம் ஒன்றுமே சொல்லவில்லை, பெண்சாதிக்குத்தான் ஓம் என்று சொன்னதாக அவர் சாதித்தார். அதைச் சொன்னபோது செவலை, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தும், முன்கால்களை இன்னும் ஒழுங்காகச் சேர்த்து வைத்துக்கொண்டது. பாக்கியம் அம்மா வண்டியில் இருந்தபடியே சொன்னார்:

"இவர் ஓம் எண்டு சொன்னால் ஒண்டும் நடக்காது எண்டு எனக்கு முந்தியே தெரியும். இப்ப குதிரைக்கும் தெரிஞ்சுபோச்சு."

ஒரு நாள் பாடம்

காரணம் தெரிந்துவிட்டது, இனி என்ன என்பீர்கள். அன்பர்களே, குதிரை சிறு வயதில் கற்ற சொல்லை ஒரே நாளில் மறக்கவைக்க முடியுமா? மாதக்கணக்கில் ஆகும். காதில் பஞ்சு வைக்கலாமே என்பீர்கள். வைத்தோம், இரண்டு உதறலில் பஞ்சு டிரெஸ்ஸர் மடியில் விழுந்தது. துரையிடம் சொல்லலாமே என்பீர்கள். டிரெஸ்ஸர் போய்ச் சொல்லத்தான் செய்தார். துரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, காலையில் பார்ப்போம் என்று மட்டும் சொன்னாராம். ஆக, வெள்ளிக்கிழமைக்குள் பழக்கக்கூடியவர் ஒருவர்தான் பாக்கி இருந்தார். டிரெஸ்ஸர் இனி ஓம் என்று சொல்லாமல் எங்களைப்போல ஆமா என்று சொல்லவேண்டும் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பிறந்த நாள் முதல் பேசிய பேச்சை ஒரு குதிரைக்காக விடுவதா, தன் தகப்பனார் கேட்டால் என்ன நினைப்பார், தோட்டத்துச் சனம் என்ன நினைக்கும் என்று அடுக்கினார். அப்புறம் முற்றத்தைப் பார்த்தார். செவலை வேலிக்குமேல் தலையை நீட்டி அவர் பெட்டியை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. சரி, தொடங்கும் என்றார்.

எனக்கு ஒரு முறைதான் தெரியும். அந்த முறையிலேயே தொடங்கினேன். முதலில் வண்டி இல்லாமல், வெறும் தரையில். பாக்கியம் அம்மா எட்ட நின்று கேள்வி கேட்பார். இவர் ஆமா என்று சொல்லவேண்டும். பிறகு நடந்துகொண்டே. பிறகு வெற்று வண்டியில் உட்கார்ந்து. முதலில் 'ஓமா' என்றார். அப்புறம் 'ஆ... ஓம்' என்றார். மத்தியானத்துக்குப் பிறகு முழு 'ஆமா' ஒன்று சுத்தமாக வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் என் கை தானாக மடிக்குப் போயிற்று. ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து அவர் வாய்க்கு நேராக நீட்டிவிட்டேன். நீட்டிய பிறகுதான் திக்கென்றது. பெரிய மனுஷர், கன்னத்தில் அறைவார் என்று நினைத்தேன். அவர் அதை வாங்கி, வாயில் போட்டு, மென்று விழுங்கிவிட்டுக் கேட்டார்:

"உதோடை முடியுமோ, அல்லது எனக்கும் லாடம் அடிக்கிற யோசனையோ?"

துரை ஏறிய வண்டி

வெள்ளிக்கிழமை காலை துரை வந்தார். துப்பாக்கியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு டிரெஸ்ஸர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். துரை இங்கிலீஷில் பேசினார். டிரெஸ்ஸர் இங்கிலீஷில் பதில் சொன்னார். 'எஸ்' என்ற சொல்லில் செவலைக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. கள்ளுக்கடை அப்போதுதான் திறந்திருந்தது. இன்னிக்கு நிக்கலையா ஐயா என்று ஒரு குரல் வந்தது. டிரெஸ்ஸர் நேராகப் பார்த்துக்கொண்டு போனார். மேடு தாண்டியது. பள்ளம் தாண்டியது. துரை ஒரு சுருட்டைப் பற்றவைத்தார்.

பலகைப் பாலத்தில் எதிரே பால் வாளிகளோடு பெண்கள் வந்தார்கள், முன்னால் வீராயி. வண்டிக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினாள். ஆனால் சும்மா விடவில்லை. பேத்திக்கு இன்னும் உடம்பு சுடுகிறது, நேற்றுக் கொடுத்த மருந்தையே இன்றைக்கும் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டே வண்டியோடு கூட நடந்தாள். இதற்குத் தலையை ஆட்டிவிட்டுப் போக முடியாது. பிறந்து ஒரு வாரம் ஆகாத பிள்ளை. தவறாகப் புரிந்துகொண்டால் விபரீதம். டிரெஸ்ஸர் அவள் பக்கம் திரும்பினார். பெட்டி, குதிரை, துரை எல்லாம் அவருக்கு மறந்துபோனது அந்த முகத்தில் தெரிந்தது. அங்கே பிள்ளையின் காய்ச்சல் மட்டும்தான் இருந்தது. அவர் உதடு குவிந்தது. செவலையின் காது ஒன்று பின்னால் திரும்பியது. அதன் நடை ஒரு அடி தளர்ந்தது. துரையின் கை துப்பாக்கிமேல் இருந்தது. எனக்குக் கும்பிடவும் தோன்றவில்லை.

"ஆமா" என்றார் டிரெஸ்ஸர். குரல் உடைந்து வந்தது. "ஆமாம்மா. அதே மருந்து. அரைக் கரண்டிதான் கொடுக்கணும். பின்னேரம் நானே வந்து பாக்குறேன்." செவலையின் காது முன்னால் திரும்பியது. பாலத்துப் பலகைகள் கடகடவென்று பின்னால் போயின. கடைசி லயத்து வாசலில் துரை இறங்கி, துப்பாக்கியிலிருந்து தோட்டாவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குதிரையின் கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். டிரெஸ்ஸர் வாரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பாலத்தில் கொஞ்சம் முன்பு எங்களுக்குப் பின்னால், வாளியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வீராயி மற்றப் பெண்களிடம் சொன்னது மட்டும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது:

"இத்தனை வருசத்துல ஐயா இன்னிக்குத்தான்டி தமிழ் பேசுனாரு."

குதிரைகள் பழக்கித் தரப்படும் என்று என் லாயத்து வாசலில் ஒரு பலகை தொங்கவிட்டிருந்தேன்; அதில் முதல் சொல்லை மட்டும் அழித்துவிடலாமா என்று வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.